சித்தி என்றொரு வகை

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். என் அறைக்குள் வெயில் வருவதில்லை, அதைத் தவிர குறை ஒன்றும் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறாளா?

அம்மா போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடத்தில் சண்டை. "எழுதித் தொலைங்க. தபால் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கோபம் ஆறிடும்" என்றாள். அவள் சொன்னது சரிதான் போலிருக்கிறது. உன்மேல் எனக்கு என்ன கோபம் என்பதே மறந்துவிட்டது.

தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். கல்லூரியில் இருப்பியல் என்பது ஒரு தத்துவப் பாடம். எவையெல்லாம் இருக்கின்றன, எப்படி இருக்கின்றன என்று யோசிப்பது. இங்கே அதே பெயரில் ஒரு மேசையும் கணினியும். நம் நிறுவனம் பராமரிக்கிற லிஃப்டுகள் எல்லாவற்றையும் ஒரு மரமாக வரைகிறேன். எந்த லிஃப்டை யார் எப்போது பார்க்க வேண்டும் என்பதை மே மாதத்திலிருந்து இந்த மரத்தைப் படித்துத்தான் கணினி சொல்லும். உனக்கு வரும் வேலை அட்டைகூட.

மரத்தில் இரண்டே கோடுகள். முழுக்கோடு: "கயிற்று லிஃப்ட் என்பது லிஃப்டில் ஒரு வகை." வகைக்குக் கீழே வகை. மேலே இருப்பதன் குணமெல்லாம் கீழே இறங்கும். புள்ளிக்கோடு: "இந்தத் தெருவில், இந்தக் கட்டடத்தில் இருக்கிற இது ஒரு கயிற்று லிஃப்ட்." வகைக்குக் கீழே ஆள். முகவரியும் பரிசோதனைத் தேதியும் ஆளுக்குத்தான் உண்டு. வகைக்கு யாரும் எண்ணெய் போட முடியாது.

சிக்கல் நீ மெக்கானிக்காக இருக்கிற உங்கள் டிப்போ. இருபது வருட வேலை நோட்டுகளில் ஓர் எண்கூட இல்லை. "தவளை, கதவு சரி." "ஊமை, மணி மாற்றியது." எல்லாம் பட்டப்பெயர். உனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பு, சீக்கிரம். தகுதிகாண் காலம் ஜூலை 15 வரை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரை நாலாவது மாதமே அனுப்பிவிட்டார்கள். அவருடைய தேநீர்க் கோப்பை இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் போடவும் மனம் வரவில்லை, அதில் குடிக்கவும் மனம் வரவில்லை.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

தங்கை


பிப்ரவரி 21

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம். முதுகு அதன் இடத்தில்தான் இருக்கிறது, நான்தான் தினமும் காலையில் அதைத் தேடிப்பிடித்து எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் தலையணைக்கு அடியில் பதினான்கு மாத்திரை கிடைத்தது. "மழைக்காலத்துக்கு இருக்கட்டுமேன்னு வச்சேன்" என்கிறாள்.

உன் வேலையைப் பற்றி இரண்டு முறை படித்தேன். லிஃப்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா என்பதற்குமேல் நான் யோசித்ததில்லை. அது இருக்கிறதா என்றே யோசிக்க ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது புதுச் செய்தி. சரி, கேட்டதைத் தருகிறேன்.

தவளை: எண்ணெய் அழுத்தத்தில் ஏறுவது. நிற்பதற்கு முன் ஒரு குதி குதிக்கும்.

ஊமை: மணி அடிக்காது, எண் விளக்கு எரியாது. வந்து நிற்பதே தெரியாது.

மாப்பிள்ளை: சுற்றிலும் கண்ணாடி, உள்ளே பாட்டு. வேலை குறைவு, மரியாதை அதிகம்.

சித்தி: மூத்தவளைக் கழற்றிவிட்டு அதே குழியில் கொண்டுவந்து வைத்தது. கயிறு. மழை பெய்தால் முனகல். நாலாவது மாடியில் ஒரு யோசனை. கோபக்காரி, ஆனால் பாதியில் கைவிட மாட்டாள்.

வேறு பெயர்கள் நோட்டிலேயே இருக்கும். ஆட்களுக்கும் இங்கே பட்டப்பெயர் உண்டு. மேற்பார்வையாளர் "ரசீது". மூக்கு சிந்தினாலும் கையெழுத்து கேட்பார். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். கேட்காதே, சொல்ல மாட்டேன்.

ஜூலை வரைக்கும் உனக்குப் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தால் சோறு இறங்காதே உனக்கு, அப்படி இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். நீ கேட்பாய் என்று சொல்லவில்லை, உண்மையாகவே.

உன் கடிதம் வந்த அன்றே எல்லாவற்றையும் மரத்தில் ஏற்றினேன். சித்திதான் மிகவும் பிடித்தது. "பழைய குழியில் புதிதாக வைக்கப்பட்ட கயிற்று லிஃப்ட்" என்று வரையறை எழுதி, கயிற்று லிஃப்டுக்குக் கீழே முழுக்கோடு போட்டேன். எங்கள் மேலாளருக்கு எதைப் படித்தாலும் பேனாவால் கோடு இழுக்கும் பழக்கம், அதனால் எங்களுக்கு அவர் "அடிக்கோடு". சித்தியின் வரையறைக்குக் கீழே மட்டும் கோடு விழவில்லை. இந்த அலுவலகத்தில் பாராட்டு என்பது இதுதான்.

நோட்டுகளில் இருந்த மற்றப் பெயர்களையும் உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே வகைகளாகச் சேர்த்துவிட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க நாள் இல்லை.

இங்கே சன்னலுக்கு எதிரே இன்னொரு சன்னல். அதில் ஒருவர் நாள் முழுவதும் தாள்களில் துளை போடுகிறார். அவருக்கு நான் எப்படித் தெரிகிறேனோ.

அம்மாவின் மாத்திரைகளை எண்ணி வை.

தங்கை


மே 14

தங்கச்சிக்கு,

உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். நலமாக இருக்கிறேன். அம்மாவும்.

உன் மரம் இந்த மாதம் எங்கள் டிப்போவுக்கு வந்தது. காலையில் போனைத் திறந்தால் அட்டை தயார். எந்தத் தெரு, எந்த லிஃப்ட், கூட வருகிற ஆள் யார் என்று எல்லாம் இருக்கிறது. ரசீது ஒரு வாரம் சோகமாக இருந்தார், கையெழுத்துப் போட எதுவும் இல்லை என்று. "உன் தங்கச்சி என் பேனாவைப் பிடுங்கிட்டாப்பா" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நான் பார்க்கிறவற்றில் சித்திக்கு மட்டும் அட்டை வரவில்லை. இந்த மாதம் அவளுக்கு ஓய்வு போல. கொடுத்துவைத்தவள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மழைக்கோட்டு வாங்கினாளான்னு கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

அண்ணன்


மே 19

அண்ணா,

எல்லோரும் நலம்தானே.

ஒரு சின்ன விஷயம். சித்தி மொத்தம் எத்தனை? பத்து இருக்குமா? உங்கள் டிப்போவில் குறைவாக இருந்தாலும் வேறு டிப்போக்களில் இருக்கும் இல்லையா?

சும்மாதான் கேட்கிறேன். அவசரம் இல்லை. ஆனால் இந்த வாரமே எழுதினால் நல்லது.

மழைக்கோட்டு வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

தங்கை


மே 27

தங்கச்சிக்கு,

சித்தி எத்தனையா? சித்தி ஒருத்திதான். ஊரில் அவளை மாதிரி இன்னொன்று இருந்தால் நான் இந்த வேலையை விட்டுவிட்டுச் சாமியாராகப் போயிருப்பேன்.

ஆறு மாடிக் கட்டடம். சந்தைக்குப் பின்னால், அச்சகத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. தரைத்தளத்தில் காவலாளி, அவருடைய வானொலி, அவருடைய இருமல். நாலாவது மாடியில் பல்செட் செய்கிறவர். படியேறும்போதே வரிசையாகச் சிரிப்பு தெரியும். மூன்றாவது மாடியில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். காலையில் அதை நடத்துகிற அக்கா ஒன்பது குழந்தைகளையும் ஒரே தடவையில் சித்திக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். எல்லாம் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கும். சித்தி அப்போது முனகக்கூட மாட்டாள்.

மாதம் முடியப்போகிறது, இன்னும் அவளுக்கு அட்டை இல்லை.

நீ எழுதிய நாலு வரியில் நலம் விசாரித்தது ஒரு வரிதான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அண்ணன்


ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. உனக்கும் இந்நேரம் வந்திருக்கும். கயிற்று லிஃப்டுகளில் போட்ட பிரேக் கட்டைகளில் ஒரு தொகுதி சீக்கிரம் தேய்கிறதாம். மூன்று வாரத்துக்குள் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். கணினி பட்டியல் எடுத்துக் கொடுத்துவிட்டது. நாற்பத்தொன்று.

நீ அந்தப் பக்கம் போகும்போது சித்தியின் பிரேக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறாயா? பட்டியலில் ஒரு திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் அட்டை வரத் தாமதமாகலாம். ரசீதிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு தடவை போதும்.

தங்கை


ஜூன் 5 (அனுப்பாதது)

அண்ணா,

திருத்தம் எதுவும் நடக்கவில்லை.

நீ எழுதிய குணங்களைப் படித்து, இது ஒரு வகை என்று நினைத்துவிட்டேன். மழையில் முனகும், நாலாவது மாடியில் யோசிக்கும் என்று எழுதியிருந்தாய். எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. போட வேண்டியது புள்ளிக்கோடு, போட்டது முழுக்கோடு. கணினியைப் பொறுத்தவரை சித்தி ஒரு வகை, அந்த வகையில் ஒரு லிஃப்டும் இல்லை. அவள் பெயரைத் தட்டினால் "உறுப்பினர்: பூஜ்யம்" என்று வருகிறது. தினமும் தட்டிப் பார்க்கிறேன்.

ஒப்பந்தக் கோப்பையும் தேடினேன். அந்த முகவரியில் இருப்பது மூத்தவள். "கழற்றப்பட்டது" என்று முத்திரை. சித்தியை வைத்தபோது யாரும் புதுக் கோப்பு போடவில்லை. மூத்தவள் போய்விட்டாள், சித்தி வரவேயில்லை. உங்கள் நோட்டில் மட்டும்தான் அவள் இருந்தாள். அந்த நோட்டை நான்தான் மூடிவைத்தேன்.

சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஆனால் ஒரு வகையை ஆளாக மாற்ற மேலாளரின் ஒப்புதல் வேண்டும். காரணம் எழுத வேண்டும். இழுப்பறையைத் திறந்தால் அந்தத் தேநீர்க் கோப்பை.

நாற்பது நாள்தான். அதற்குள் ஒன்றும் ஆகாது என்று காலையில் தோன்றுகிறது. மத்தியானம் ஒன்பது குழந்தைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.


ஜூன் 16

தங்கச்சிக்கு,

நலம். நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கட்டை தேய்ந்துதான் இருக்கிறது. தரைக்கு அரை விரல் கீழே போய் நின்றாள். அடுத்த ஞாயிறு போய் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டேன், இப்போது சமமாக நிற்கிறாள். புதுக் கட்டை எடுக்க அட்டை எண் வேண்டும் என்பார்கள். இருக்கட்டும், இறுக்கினால் கொஞ்ச நாள் தாங்கும். கவலைப்படாதே.

ஒரு கூத்தைக் கேள். முதல் ஞாயிறு நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டு "பழுது" என்று பலகை மாட்டினேன். மூன்றாவது மாடி அக்கா மூன்றே நாளில் பொறுமை இழந்துவிட்டாள். "ஒம்பதையும் நான் என்ன, இடுப்புல கட்டிக்கிட்டா ஏறறது?" காவலாளி நம் புகார் எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் நடித்துக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், அந்த முகவரியில எங்களுக்கு லிஃப்ட் இல்லை. கழட்டியாச்சு."

"இல்லைம்மா, நான் அது பக்கத்துலதான் நிக்கறேன்."

"எங்க பதிவுல இல்லை சார்."

"கதவைத் தட்டறேன், சத்தம் கேக்குதா?"

"இல்லாத லிஃப்டுக்குப் புகார் எடுக்க முடியாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இருக்கற லிஃப்டையே நீங்க இல்லைங்கறீங்க, வேற என்னத்தைம்மா கேக்கறது" என்று வைத்துவிட்டாராம். அப்புறம் அவர்களே பலகையைக் கழற்றிவிட்டு மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நீ நன்றாகத் தூங்கு. பரீட்சை முடியட்டும்.

அண்ணன்


ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் குடைக்குள் நின்றே படித்தேன். சமமாக நிற்கிறாள் என்ற வரியை மட்டும் மறுபடியும் மறுபடியும். நன்றி.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் தாங்கும்? எனக்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிடுவேன்.

நீ மறுபடி அங்கே போகவில்லையே? பிரேக்கில் கை வைப்பதென்றால் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் கீழே பொத்தானுக்குக் காவல் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை மரத்தில் எழுதியதே நான்தான். கயிற்று லிஃப்டுக்கு எழுதினேன், கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அது இறங்கும். அட்டை வந்தால்தான் இரண்டாவது ஆளை அனுப்புவார்கள் என்பதும் தெரியும்.

பதில் போடு. முதுகைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூலை 6

அண்ணா,

பதில் இல்லை. சட்டத்தை மீறிப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள். "குளிக்கிறான்." மாலையில் செய்தேன். "குளிக்கிறான்." இன்று காலையிலும் குளியல். நம் வீட்டில் அவ்வளவு தண்ணீர் எப்போது வந்தது?

கோபமாக இருந்தால் கோபமாகவாவது ஒரு வரி எழுது.

தங்கை


ஜூலை 9

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ, கண்ணாடி கிடைக்கலை. போன்ல உங்கிட்ட பொய் சொன்னேன். அவன்தான் சொல்லச் சொன்னான். இப்ப இதை அவனுக்குத் தெரியாம எழுதுறேன்.

அண்ணனுக்குக் கையில அடிபட்டுடுச்சு. போன மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை. ஏதோ ஒரு லிஃப்ட் மோட்டார் இருக்கற அறையாம், மேல மொட்டை மாடியில. தனியாப் போயிருக்கான். ஓடவிட்டுத்தான் பிரேக்கைப் பாக்கணுமாம். அவன் கை உள்ள இருக்கறப்ப நாலாவது மாடியில யாரோ பொத்தானை அமுக்கிட்டாங்க. கயித்துக்கும் கப்பிக்கும் நடுவுல வலது கை மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல் போச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்லை. நீ பதறிக்கிட்டு ஓடி வராதே, டாக்டர் நல்லாப் பாக்கறார்.

எனக்குப் புரியாதது இதுதான். அந்தக் காவலாளி வந்து பாத்தார். நாலு ஞாயிறா உங்க பையன் வந்து அதை இறுக்கிட்டுப் போறாரும்மாங்கறார். எங்கிட்ட, நண்பன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனான். ரசீதுன்னு ஒருத்தர் வந்தார். லீவு நாள்ல, அட்டை இல்லாம, கம்பெனி பதிவுலயே இல்லாத லிஃப்டுல உங்க பையனுக்கு என்ன வேலைன்னு கேக்கறார். பணி விபத்துல சேராது, அத்துமீறல்லதான் சேருமாம், வேலையும் போகுமாம். பாவம், அவரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுத்தான் கேக்கறார். "ஒரு காரணம் சொல்லுப்பா, நான் எழுதிக்கறேன்"ங்கறார். இவன் செவுத்தைப் பாத்துப் படுத்துக்கறான்.

தூக்கத்துல ஒரு தடவை, "அவ பரீட்சை முடியட்டும்"னான். என்ன பரீட்சை? நீ படிச்சு முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? உனக்கு ஏதாவது தெரியுமா கண்ணு? தெரிஞ்சா எழுது.

மாத்திரை ஒழுங்காப் போடறேன். சத்தியமா.

அம்மா


ஜூலை 13

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இத்துடன் ஒரு திருத்தக் கோரிக்கையை இணைத்திருக்கிறேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் இடம் போதவில்லை.

"சித்தி" என்ற உள்வகையை மார்ச் 3 அன்று மரத்தில் சேர்த்தவள் நான். அது வகை அல்ல, ஒரே ஒரு லிஃப்ட். சந்தைக்குப் பின்னால், அச்சகத்தை ஒட்டிய ஆறு மாடிக் கட்டடத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மூன்றாவது மாடியில் குழந்தைகள் இருக்கிறார்கள். என் பிழையால் அதற்கு மே மாதம் முதல் பரிசோதனை அட்டை வரவில்லை. ஜூன் மாதப் பிரேக் அறிவிப்பின் பட்டியலிலும் அது இல்லை. பட்டியலில் நாற்பத்திரண்டு இருந்திருக்க வேண்டும்.

இது எனக்கு மே 27-ஆம் தேதி எழுதப்பட்ட கடிதத்தால் உறுதியாகத் தெரியும். தகுதிகாண் காலம் முடியட்டும் என்று மறைத்தேன். ஜூன் 4 அன்று, அந்த டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் அண்ணனிடம், மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் அதைப் பார்க்கச் சொன்னதும் நான்தான். அவர் அத்துமீறி நுழையவில்லை. நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை, நிறுவனத்தின் ஊழியரான நான் சொல்லிச் செய்தார். இரண்டாவது ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் அட்டை இல்லாதது. அட்டை இல்லாததற்குக் காரணம் நான்.

அந்த லிஃப்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை நாளை பேசலாம்.

இருப்பியல் பிரிவு, தகுதிகாண் ஊழியர்


ஜூலை 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருத்துவமனையில் இரண்டு நாள் உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு உரித்தேன். நீயும் நானும் பேசியதெல்லாம் ஆரஞ்சைப் பற்றித்தான், புளிப்பா இல்லையா என்று. வாயால் பேசினால் சண்டை வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். சண்டைகூட வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சித்தியை அன்றே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் இரண்டு பேர் போய்ப் புதுக் கட்டை போட்டார்கள். பட்டியலில் இப்போது நாற்பத்திரண்டாவது. உன் கையைப் பணி விபத்தில் சேர்த்தாயிற்று. ரசீது இரண்டு பிரதிகளில் கையெழுத்துப் போட்டாராம், சந்தோஷமாக.

மேலாளர் என் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார். ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்: "மறைத்தேன்." இந்த மாதக் கடைசியோடு எனக்கு இங்கே வேலை இல்லை. அது நியாயம்தான், நீ வருந்தாதே. கோப்பையை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு வரப்போகிறேன், என்னுடையதையும் சேர்த்து.

பிறகு அவர் கணினியிடம், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: உறுப்பினர் பூஜ்யமாக இருக்கும் வகைகள் இன்னும் எத்தனை? ஏழு வந்தன. ஏழும் உங்கள் டிப்போ நோட்டுகளிலிருந்து நான் சேர்த்தவை. எது வகை, எது ஆள், எதில் இப்போது யார் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. மூன்று நாளாக அலுவலகத்தில் யாரும் லிஃப்டில் ஏறுவதில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை, ஆனாலும் படியில்தான் போகிறார்கள்.

போவதற்குமுன் இதை முடிக்கச் சொல்லியிருக்கிறார். பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். குணம் வேண்டாம், அண்ணா. எத்தனை என்று மட்டும் சொல்.

மே மாதம் அட்டை வராதபோதே ஏதோ பிழை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்க முடியாது.

மூணரை. இருமல். சாமியார். குருவி. நெட்டை. பட்டாளம். சித்தப்பா.

தங்கை


ஜூலை 28

தங்கச்சிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். பொறுத்துப் படி. காயம் ஆறுகிறது. அம்மா என் மாத்திரையை எண்ணுகிறாள், அவளுடையதை நான் எண்ணுகிறேன். ஆரஞ்சு புளிப்புதான். அன்றைக்கு இல்லை என்று சும்மா சொன்னேன்.

மூணரை: ஒன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்று பழகியவன். கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். எடுத்துவிடு.

இருமல்: ஒன்று. பழைய நூலகம். ஆட்கள் ஏறுகிறார்கள். இதை முதலில் பார். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ரசீதிடம் சொல்லிவிட்டேன், இன்று காலை நிறுத்திவிட்டார்.

சாமியார்: நாலு. வகைதான். நீ போட்ட கோடு சரி, நாலையும் அதன் கீழே சேர்.

குருவி: ஒன்று. உணவகத்தில் தட்டு ஏற்றுகிற சின்னது. ஆள் ஏற முடியாது.

நெட்டை: இரண்டு. அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில்.

பட்டாளம்: ஆறு. ஒரே கட்டடம்.

சித்தப்பா: இது லிஃப்ட் இல்லை. எப்போது பார்த்தாலும் சித்தியோடயே கிடக்கிறான் என்று டிப்போவில் எனக்கு வைத்த பெயர். நோட்டில் "சித்தப்பா பார்த்தது, சரி" என்று எழுதியிருப்பார்கள், நீ பார்த்திருப்பாய். எண்ணிக்கை ஒன்று. விரல் எட்டு. முகவரி உனக்குத் தெரியும்.

அண்ணன்